வரும்படி பார்த்து வரும் ஆஸ்பத்திரி

மக்கா சாமுவேல்,

நீ பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அதனால் நலம், நலமறிய ஆவல் என்று நான் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற பட்டணத்தில் உனக்கு என்ன கேடு? இங்கே நாங்கள் இருக்கிற இருப்பைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பேச்சுக்குத்தான். நாலு வரி எழுதுவதற்குள் உன் தங்கை ரெபேக்காளைப் பார்க்க உள்ளே ஒரு நடை, ரோட்டில் பஸ் சத்தம் கேட்கிறதா என்று வெளியே ஒரு நடை. மிஷன் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன கையெழுத்து, கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். டைப் அடித்த காகிதத்தையே பார்த்துப் பழகின உன் கண்ணுக்கு இது பிடிக்காது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படி. உபதேசியார் சபைக் காரியமாக இன்று சாயங்கால பஸ்ஸில் திருவனந்தபுரம் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

சனிக்கிழமை நீ வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியுமா? சாளை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தேன். நீ சாப்பிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு அடுப்பு முன்னால் அகப்பையோடு நின்றேன். உன் அப்பாதான் பேச்சை எடுத்தார். நம் ஊர் ஆஸ்பத்திரி மனு சுற்றிச் சுற்றி உன் மேஜைக்கு வந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். நாம் கேட்பது மாளிகை ஒன்றும் இல்லை. சர்ச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊர்க்காரர்களே கட்டி வைத்த இரண்டு அறை இருக்கிறது. அதில் ஒரு கம்பவுண்டரும், பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸும் வந்து உட்கார்ந்தால் போதும். மேலே இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஊருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று குறிப்பு எழுதுகிற வேலை உனக்கு. "எலே, அந்தக் காரியம் என்னாச்சு? எப்பம் வரும்?" என்று அப்பா கேட்டார். நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே தலை நிமிராமல் பதில் சொன்னாய்.

"அது வராதுப்பா. இந்தப் பக்கத்துக்கு வரும்படி குறவாக்கும். வரும்படி உள்ள இடத்துக்குத்தான் முதல்ல குடுப்பாங்க. பாலராமபுரத்துல தறி உண்டு, கடை உண்டு, செலவுல ஒரு பங்கு அவங்களே ஏத்துக்கிடுவாங்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? முதல்ல ஊருக்கு வரும்படி கூடட்டு, ஆஸ்பத்திரி தன்னால வரும்."

சட்டியும் அகப்பையும் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடமே அந்தச் சொலவடையைச் சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சட்டி நிறையணும்னா அடுப்புக்க முன்ன நிக்கியவளுக்கு உயிரு வேண்டாமாலே?" என்று கேட்டு அகப்பையைக் குழம்புச் சட்டியிலேயே போட்டேன். குழம்பு தெறித்து உன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. நீ பாதிச் சாப்பாட்டில் கை கழுவினாய். மறுநாள் ஆராதனை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டாய். சட்டைக்காக வருத்தப்படுகிறேன், சொன்னதற்காக இல்லை. நீ பேசியதை நானும் அப்பாவும் மட்டும் கேட்கவில்லை. உள் அறையில் ரெபேக்காள் படுத்திருந்தாள். முறம் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தங்கம்மையும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒருத்திக்கு இது நிறைமாதம், மற்றவளுக்கும் அப்படித்தான். நீ போனபிறகு ரெபேக்காளைப் பார்க்க உள்ளே போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் முதல் பிள்ளையை நாம் எப்படி இழந்தோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுவண்டியின் பக்கத்தில் நடந்து வந்தவன் நீ. பிரசவம் பார்க்கிற வயற்றாட்டிக் கிழவி காலையிலேயே கையை விரித்துவிட்டாள். வண்டி பிடித்து, மெத்தைக்கு வைக்கோல் போட்டு, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அமரவிளை தாண்டுவதற்குள் அவள் முனகலும் நின்றுவிட்டது. நீ "ரெபேக்கா, ரெபேக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாய். அங்கே போய்ச் சேர்ந்தபோது தாய் மட்டும் மிஞ்சினாள். அந்த டாக்டரம்மா என்னைப் பிடித்து உலுக்கின உலுக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தப் பெண்ணின் உடம்பில் ரத்தமே இல்லை, இத்தனை மாதம் யார் பார்த்தது, யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டாள். யாரிடம் காட்டுவது? தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு பகல், வடக்கே போய் வர ஒரு பகல். உடம்பு நன்றாக இருக்கிறபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் அவ்வளவு தூரம் போவார்கள்? நடக்க முடியாமல் விழுந்தால்தான் நம் ஊரில் நோய் என்று பெயர். இப்போதும் அவள் நகத்தைப் பார்க்கிறேன், அதே வெளுப்பு. கடற்கரைப் பக்கம் திருப்புறத்தில் இருக்கிற உன் சித்தி, ரெபேக்காளைத் தன் வீட்டில் கொண்டு விடு என்கிறாள். அங்கே மட்டும் என்ன இருக்கிறது, கடற்காற்றா பிரசவம் பார்க்கும்? மருமகன் மலைத்தோட்டத்தில் இருக்கிறார், லீவு கேட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. ஆளைக் காணோம்.

இரு, அவள் கூப்பிடுகிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குடிக்க வெள்ளம் வேண்டுமாம், அவ்வளவுதான். இந்த வாரம் முழுக்க யாராவது கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டாலும் நான் எழுந்து ஓடுகிறேன்.

வரும்படி இல்லை என்றுதானே இப்போது சொல்கிறாய். முதல் மனு போட்ட காலத்தில் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியுமா? நீ அப்போது ஹைஸ்கூலில் படித்தாய், வெளியே தங்கியிருந்தாய். ஊரைப் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு ஆபீசர் வந்தார். வருஷத்தில் எத்தனை நாள் இருக்கிறது, அறுப்பின் பண்டிகை அன்று பார்த்து வந்தார். நல்ல மனிதர்தான். வரப்பில் நடந்து வந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. "இப்பம் முடிஞ்சிரும் சாரே" என்று உபதேசியார் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து சர்ச்சு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முற்றத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நம் ஏலத்தின் லட்சணம் தெரிந்ததுதானே. அவனவன் வீட்டில் விளைந்ததைச் சபைக்குப் படைப்பான், அதை ஏலம் போட்டு வருகிற காசு சபைக்கு. பொருளுக்காக எவன் ஏலம் கேட்கிறான், எல்லாம் மானத்துக்காகத்தான். கிழக்கு விளைக்காரர் ஒரு விலை சொன்னால் மேற்கு விளைக்காரருக்குப் பொறுக்காது. எடுத்தவன் அதைத் திரும்பச் சபைக்கே கொடுப்பான், மறுபடியும் ஏலம். அன்றைக்கு ஒரு பூசணிக்காய் கை மாறிக் கை மாறிக் கறவைப் பசுவின் விலைக்குப் போய் நின்றது. உன் அப்பாவும் சும்மா இருந்தாரா? அண்டைவீட்டு ஆள் பார்த்துச் சிரித்தான் என்பதற்காக ஒரு சேவலுக்கு நான் எழுதக் கூச்சப்படுகிற விலையைக் கேட்டு எடுத்துவிட்டார். கையில் காலணா கிடையாது. கையில் காசு வேண்டும் என்றும் அங்கே கணக்கில்லை, அடுத்த அறுப்பு வரைக்கும் சிறுகச் சிறுக அடைப்பதுதானே வழக்கம்.

ஆபீசருக்கு இதெல்லாம் யார் சொல்வது? அவர் இளநீரைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "இவிடெ காசினு ஒரு குறவும் இல்லல்லோ" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுரீர் என்றது. நான் எழுந்து போய், "சாரே, இது வெறும் வீம்பாக்கும், எங்க வீட்ல நாளைக்கு உலை வைக்க அரிசி இல்ல" என்று உன் அப்பா நின்ற பக்கம் கை நீட்டிச் சொன்னேன். அவர் என் கைக்கு நேரே பார்த்தார். அங்கே உன் அப்பா புதுச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஆபீசர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். அறிக்கையில், இது வசதியுள்ள ஊர், ஜனங்கள் தாங்களாகவே செய்துகொள்ள முடியும் என்று எழுதிவிட்டார். சேவலைக் குழம்பு வைத்தேன். நான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

தாங்களாகவே செய்துகொள்ளச் சொன்னதால் செய்தும் பார்த்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுபோவது நம் பெண்களின் வழக்கம். அந்தப் பிடியரிசியை விற்ற காசில்தான் அந்த இரண்டு அறைக்கும் கல் வந்தது. சபை வேறு, சாமி வேறு என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்து விளை செல்லப்பன் கோயிலுக்குப் போகிறவன், தங்கம்மையின் புருஷன், தச்சு வேலைக்காரன். கதவும் ஜன்னலும் அவன்தான் செய்தான், கூலி என்று ஒரு காசு வாங்கவில்லை. சுவர் எழுந்தது, ஓடும் மேய்ந்தாயிற்று. உள்ளே மருந்தும் ஆளும் வைக்கப் பிடியரிசியால் முடியுமா? கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம், மழைக்காலத்தில் ஆடு ஏறிப் படுக்கிறது. அன்றைக்குக் காசு இருக்கிறது, அதனால் கிடையாது. இன்றைக்குக் காசு இல்லை, அதனால் கிடையாது. எந்த விலைக்குப் பூசணிக்காய் எடுத்தால் ஒரு நர்ஸ் வருவாள் என்று நீயாவது சொல்லித் தொலை.

நீ பிறந்த புதிதில் உன் அப்பாவை ஊரே சோம்பேறி என்றது. நானும்தான் சொன்னேன். மண்வெட்டியை நாலு வீசு வீசினால் மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிடுவார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். குத்தகைக்கு எடுத்த விளையில் பாதியில் புல் முளைத்துக் கிடந்தது. ஒரு சமயம் சர்க்கார் ஆட்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். கொக்கிப்புழு என்றார்கள். ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழுவாம். வரிசையில் நிற்க வைத்து எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். அதன் நாற்றம் தெருமுனை வரைக்கும் அடித்தது. உன் அப்பா அதற்குப் பயந்து மரச்சீனிச் செடிகளுக்குள் ஒளிந்துகொண்டார், நான்தான் இடுப்பில் கட்டின முண்டைப் பிடித்து இழுத்து வந்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லட்டீ, நான் இப்பிடியே இருந்துக்கிடுதேன்" என்று வழியெல்லாம் கெஞ்சினார். குடிக்க வைத்துத்தான் விட்டேன். அடுத்த பருவத்தில் அந்த மனிதர் விளை முழுவதையும் ஒற்றை ஆளாக வெட்டிக் கிழங்கு நட்டார். நான் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய் மாளவில்லை. அந்தக் கிழங்கில்தான் நீ பள்ளிக்கூடம் போனாய், அதில்தான் இங்கிலீஷ் படித்தாய், அதில்தான் இன்றைக்கு வரும்படி குறைந்த பிரதேசம் என்று எங்களைப் பற்றி எழுதக் கற்றாய்.

மருந்து கொடுத்தவர்கள் அன்றைக்கு அப்பாவிடம் உன் வரும்படி என்ன என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பார். விதை முந்தியா மரம் முந்தியா என்று நீ மல்லுக்கு வருவாய். உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பாலராமபுரத்தில் போட்ட டாக்டர் அங்கேயே இருப்பார், அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, வீட்டில் விளக்கு உண்டு. நம் ஊரிலோ ஒற்றசேகரமங்கலத்துக்கும் அப்பால் மலையடிவாரத்திலோ போட்டால் ஒரு மழைக்காலம் தாங்குவாரோ என்னவோ. நெசவுக்காரர்களுக்கும் நோய் வராமலா இருக்கிறது, அவர்களுக்குக் கொடுக்காதே என்று நான் ஏன் சொல்கிறேன்? எனக்குப் படிப்பு இல்லை, இதில் எது சரி என்று தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை. சந்தையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், காய்ச்சல் காலத்தில் கிழங்கு வாங்க ஆள் வருவதில்லை, கிழங்கு கொண்டுவரவும் ஆள் வருவதில்லை. அந்த மாதங்களில் சந்தையில் நாய்தான் படுத்திருக்கும்.

ரோட்டில் இப்போது ஒரு போலீஸ் வண்டி போனது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. அப்பா வேலி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து வெற்றிலை போடுகிறார்.

தமிழ் பேசுகிற இந்தத் தெற்குப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுச் சமரம் தொடங்கின பிறகு இங்கே யாருக்கும் நிலைகொள்ளவில்லை. எல்லைக் கோடு எங்கே விழும் என்பதுதான் சாயாக்கடையில் காலையும் பேச்சு, மாலையும் பேச்சு. பாறசாலை முக்கில் கூட்டம் போட்டார்கள், நானும் சந்தை முடிந்து கூடையோடு நின்று கேட்டேன். "நாம தமிழன், அதுகொண்டாக்கும் நமக்கு மருந்து இல்ல. தமிழ்நாட்டோட சேர்ந்தா ஊருக்கு ஊரு ஆஸ்பத்திரி" என்று ஒருவர் முழங்கினார். நானும் கை தட்டினேன். நம் பாஷையில் எழுதின மனுவை நம் பாஷையிலேயே படிக்கிற ஒரு சர்க்கார் வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. கூட்டம் கலைந்தபிறகு அதே ஆளைச் சாயாக்கடையில் பார்த்து, "நம்ம ஊருக்கு எப்பம் வரும் மக்கா?" என்று கேட்டேன். "கோடு முதல்ல விழட்டு அம்மா, பொறவு பாப்போம்" என்றார். வடக்கே திருவனந்தபுரத்தில் கேட்டால் அங்கே ஒரு கணக்கு. நாளைக்குத் தமிழ்நாட்டுக்குப் போகப் போகிற மண்ணில் இன்றைக்கு நாம் ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்கிறார்களாம், நீயே அப்பாவிடம் சொன்னாயாமே. இன்னும் நமக்கு வராத ஊர் என்று தெற்கே உள்ளவர்களும், போகப் போகிற ஊர் என்று வடக்கே உள்ளவர்களும் சொல்லிக்கொண்டிருந்தால், நடுவில் ஒருத்திக்கு வலி எடுத்தால் அவள் எந்த மாகாணத்தில் பெற்றுக்கொள்வது?

நீ பஸ் ஏறும்போது அப்பாவிடம் வேறு ஒன்றும் சொன்னாய். அதை அவர் இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். இன்று காலையில் நான் கஞ்சி ஊற்ற மாட்டேன் என்று சொன்னபிறகுதான் கக்கினார். "அப்பா, இப்பம் நான் நம்மக்க ஊருக்குக் குடுக்கலாம்னு எழுதினா, இவன் தமிழன், சமரக்காரனுக்க ஆளுன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. கூட வேலை செய்யியவங்க இப்பமே ஒரு மாதிரி பாக்காங்க. எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாயாம். அதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிப்போயிற்று. அந்த இடத்தில் வேறு ஒரு வேதனை வந்து உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளை அந்தப் பெரிய கட்டிடத்தில் தனியாக உட்கார்ந்து பயப்படுகிறான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. தமிழில் பேசினதற்காக ஒருவன் உன்னை உறுத்துப் பார்த்தால் நான் அங்கே வந்து அவன் கண்ணைத் தோண்டிவிடுவேன்.

ஆனால் மக்கா, ஒன்று கேள். பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அதில் மானக்கேடு இல்லை. இந்த ஊரில் போலீசுக்குப் பயப்படாத வீடு எது? வாத்தியார் மகனை மொழிக் கூட்டத்துக்குப் போனான் என்று பிடித்துக்கொண்டு போனபிறகு இளவட்டங்களெல்லாம் சட்டையில் குத்தின கொடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நீ உன் பயத்துக்குக் கணக்கு என்று பெயர் வைத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பயம் என்று சொல்லியிருந்தால் ரெபேக்காள் உனக்காக அழுதிருப்பாள். வரும்படி குறைவு என்று சொன்னதால் தன் பிள்ளைக்கு விலை இல்லை என்று நினைத்து அவள் அழுதாள். உனக்கு வேலை போனால் நம் வீட்டின் கதி என்ன என்று எனக்கும் தெரியும். ஊருக்காக எழுது என்று சொல்ல வாய் வருகிறது, உடனே மனம் பின்வாங்குகிறது. எழுதாதே, பேசாமல் இரு என்று சொல்லலாம் என்றால், பூட்டிக் கிடக்கிற அந்தக் கதவு கண் முன்னால் வருகிறது. இரண்டு நாளாக நான் வீட்டுக்குள் சுற்றின சுற்றில் சாணி மெழுகின தரையே தேய்ந்திருக்கும். பெற்றவள் இப்படியும் அப்படியும் ஆடினால் பிள்ளை என்ன செய்வான் என்று அப்பா கேட்கிறார். அவருக்கென்ன, வெற்றிலை இருக்கிறது.

இன்று காலை அந்தக் கஞ்சிச் சண்டை முடிந்த கையோடு கிணற்றுக்குப் போனேன். தங்கம்மை அங்கே நின்றாள். வாளியை இறக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை, அதனால் எது கேட்பதானாலும் என்னிடம்தான் வருவாள்.

"அக்கா, ஒரு காரியம் கேக்கட்டா? தப்பா நினைக்கப்பிடாது."

"கேளு பிள்ளே."

"அண்ணைக்கு சாமுவேல் அண்ணன் சொல்லிச்சே, வரும்படி காணாதுன்னு. அது இன்னும் எவ்வளவு வேணுமாக்கும்? எனக்க கிட்ட ஒரு ஆடு நிக்குது. அத வித்துக் குடுத்தா தீருமா? பிள்ளை வாறதுக்கு முன்ன குடுத்தா போதும் இல்லியா?"

நீ இந்த நாட்டுப்புறம் முழுவதையும் பற்றிப் பேசினாய், அவள் அதைத் தான் கட்ட வேண்டிய பாக்கியாக எடுத்துக்கொண்டு மூன்று நாளாக யோசித்திருக்கிறாள். உள்ளதில் ஒரே ஒரு ஆட்டை நினைத்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாளியை வாங்கி, வெள்ளம் கோருகிற சாக்கில் கிணற்றுக்குள் குனிந்துகொண்டேன். "அது அப்பிடி இல்ல தங்கம்மை" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் குடத்தை இடுப்பில் தூக்கப் போனாள், நான் பிடுங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

குடத்தை அவள் வீட்டில் இறக்கி வைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். நாளை மறுநாள் வியாழக்கிழமை கடையடைப்பு என்கிறார்கள், அன்றைக்கு பஸ்ஸும் ஓடாதாம். அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ரெபேக்காளை உன்னிடம் கூட்டி வருகிறேன். வலி வருகிறவரைக்கும் உன் அறையில் இருப்போம், வந்ததும் பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். பட்டணத்தில் மகன் இருப்பதால் என் மகளுக்கு இந்த வழி இருக்கிறது. தங்கம்மைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஆகையால் அவளையும் கூட்டி வருகிறேன். செல்லப்பனிடம் கேட்டாயிற்று, அவன் சரி என்று சொல்லித் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். உன்னோடு தங்கியிருக்கிற பையனை ஒரு வாரம் வேறு எங்கேயாவது படுத்துக்கொள்ளச் சொல். அவன் முகம் சுளித்தால் அவனுக்கும் சேர்த்து நான் சமைக்கிறேன் என்று சொல். இரண்டு பாய் வாங்கி வை, பெரிய பானையில் வெள்ளம் பிடித்து வை. பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நில், இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளை நான் ஒருத்தி இறக்க முடியாது.

நீ குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதற்காக வருகிறேன் என்று நினைத்துப் பதறாதே, இந்தப் பெண்கள் உயிரோடு பெற்றுப் பிழைக்க வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன். எழுதுகிறவன் நீ, ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவனும் நீ. பயந்து பயந்து எழுதினாலும் நீ என் பிள்ளைதான். வீட்டில் குடத்தை இறக்கினபோது தங்கம்மை மறுபடியும் அதையே கேட்டாள். எனக்குத் தெரியாது, நீயே அவனிடம் கேள் என்று சொல்லிவிட்டேன். ஆட்டை விற்காதே என்று எவ்வளவோ தடுத்தேன், கேட்கவில்லை. நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கின நேரத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சந்தைக்கு ஓட்டிப் போனாள், இப்போதுதான் வெறுங்கயிற்றோடு திரும்பி வந்தாள். காசைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். யாரிடமும் கொடுக்க மாட்டாளாம், உன் கையில்தான் கொடுப்பாளாம்.

உன் அம்மா